என்.பி.ஏ. இடைநீக்கங்கள்: ஒரே மாதிரித் தவறுக்கு ஏன் வெவ்வேறு தண்டனை?

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யில் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும் இரண்டு தவறுகளில் ஒன்றுக்கு ஓர் ஆட்டமும் மற்றொன்றுக்கு ஐந்து ஆட்டங்களும் தடை விதிக்கப்படுவது ஏன், பெயர்பெற்ற வீரர்களுக்கு இதில் சலுகை உண்டா, எல்லாருக்கும் ஒரே அளவுகோலை வைக்க முடியாதா என்பதுதான் கேள்வி. நட்சத்திரச் சலுகை என்ற குற்றச்சாட்டு பதிவாகியுள்ள நிகழ்வுகளோடு பெரும்பாலும் பொருந்தவில்லை என்றே சொல்வேன். முரண்பாடுகள் இருப்பது உண்மை. ஆனால் அவற்றுக்குக் காரணம் வேறு. லீக் சில தவறுகளுக்கு அசைக்க முடியாத விதிகளை வைத்திருக்கிறது, வேறு சிலவற்றை லீக்கின் தலைவரான ஆணையரின் விருப்புரிமைக்கு விட்டிருக்கிறது, இன்னும் சிலவற்றை அந்தந்த அணியின் கையில் கொடுத்திருக்கிறது. இந்த மூன்று வழிகளில் வரும் தண்டனைகளை ஒப்பிட்டுப் பார்க்கப் பொதுவான அடிப்படை எதுவும் இல்லை என்பதும், விருப்புரிமையின்படி வரும் முடிவுகளுக்கு விரிவான காரணம் வெளியிடப்படுவதில்லை என்பதும்தான் கோளாறு.

அசைக்க முடியாத விதி என்ன செய்யும் என்பதை 2007 மே 14 அன்று சான் அன்டோனியோவில் நடந்த பிளேஆஃப் (வழக்கமான சீசனுக்குப் பின் கோப்பைக்காக நடக்கும் சுற்று; ஒவ்வொரு தொடரிலும் நான்கு ஆட்டங்களை முதலில் வெல்லும் அணி முன்னேறும்) ஆட்டத்தில் பார்க்கலாம். ஸ்பர்ஸ் அணிக்கும் ஃபீனிக்ஸ் சன்ஸ் அணிக்கும் இடையிலான தொடரின் நான்காவது ஆட்டம் அது. முடிய 18 வினாடிகளே இருந்தபோது, தோல்வி உறுதியாகிவிட்ட ஸ்பர்ஸ் அணியின் ராபர்ட் ஹோரி, பந்தைக் கொண்டுவந்த ஸ்டீவ் நாஷை உடம்பால் இடித்து ஸ்கோரர் மேசையில் போய் மோதும்படி செய்தார். நாஷ் விழுந்ததைப் பார்த்ததும் சன்ஸ் பெஞ்சில் இருந்த அமரே ஸ்டவுட்மயரும் போரிஸ் டியாவும் எழுந்து சில அடிகள் முன்னே வந்தார்கள். உதவிப் பயிற்சியாளர்கள் அவர்களை மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். இருவரும் யாரையும் தாக்கவில்லை. ஆனால் களத்தில் கைகலப்பு நடக்கும்போது, ஆட்டத்தில் இல்லாத வீரர் பெஞ்சை ஒட்டிய இடத்தை விட்டு நகர்ந்தால் குறைந்தது ஓர் ஆட்டம் சம்பளமின்றித் தடை என்பது விதி. ஹோரிக்கு இரண்டு ஆட்டங்கள், ஸ்டவுட்மயருக்கும் டியாவுக்கும் தலா ஓர் ஆட்டம் என்று முடிவாயிற்று. தொடர் 2–2 என்று சமநிலையில் இருக்க, ஐந்தாவது ஆட்டத்தில் சன்ஸ் 88–85 என்று தோற்றது. அடுத்த ஆட்டத்திலும் தோற்று வெளியேறியது. அந்த ஆண்டுக் கோப்பையை ஸ்பர்ஸ் வென்றது.

விதியைக் கருதினால் லீக்கின் முடிவில் பிழை காண முடியாது. பத்தாண்டுக்கு முன், 1997இல், மயாமி ஹீட் அணிக்கும் நியூயார்க் நிக்ஸ் அணிக்கும் இடையிலான தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் பி.ஜே. பிரவுன் சார்லி வார்டைத் தூக்கி எறிந்தபோதும் இதே விதி இதே கடுமையோடு பயன்படுத்தப்பட்டது. பிரவுனுக்கு இரண்டு ஆட்டங்கள். நிக்ஸ் அணியிலோ வார்டோடு சேர்த்துப் பாட்ரிக் யூயிங், ஆலன் ஹூஸ்டன், ஜான் ஸ்டார்க்ஸ், லாரி ஜான்சன் என ஐந்து பேருக்குத் தலா ஓர் ஆட்டம். ஐந்து பேரையும் ஒரே நாளில் விலக்கினால் அணியில் போதிய ஆட்கள் இருக்கமாட்டார்கள் என்பதால் தண்டனையை ஆறாவது, ஏழாவது ஆட்டங்களுக்குப் பிரித்தார்கள். வீரர் சங்கம் நீதிமன்றத்துக்குப் போயும் தடை நீங்கவில்லை. ஒரு கட்டத்தில் 3–1 என்று முன்னிலையில் இருந்த நிக்ஸ் தொடரை இழந்தது. யூயிங் அந்த அணியின் தூண் என்பதையும், நியூயார்க் லீக்கின் மிகப் பெரிய சந்தை என்பதையும் நினைத்துப் பார்த்தால், நட்சத்திரங்களுக்கும் பெரிய நகரங்களுக்கும் சலுகை என்ற பேச்சு இங்கே நிற்காது.

ஆனாலும் 2007 முடிவு இன்றுவரை பலருக்கு உறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. அதே ஆட்டத்தின் இரண்டாம் கால்பகுதியில், ஸ்பர்ஸ் அணியின் பிரான்சிஸ்கோ எல்சனும் சன்ஸ் அணியின் ஜேம்ஸ் ஜோன்ஸும் மோதிக்கொண்டபோது, பெஞ்சில் இருந்த டிம் டங்கனும் களத்துக்குள் காலடி வைத்திருந்தார். அவர் தண்டிக்கப்படவில்லை, ஏனெனில் அப்போது நடந்தது கைகலப்பு என்ற வகையில் சேராது என்று லீக் முடிவு செய்தது. மாறாத விதி என்று சொல்லப்படுவதன் உள்ளேயே ஒரு மதிப்பீடு ஒளிந்திருக்கிறது: எது கைகலப்பு, எது வெறும் உரசல் என்பதை யாரோ ஒருவர் தீர்மானித்தாக வேண்டும். அந்த இடத்தில் விருப்புரிமை இருக்கிறது என்று லீக் ஒப்புக்கொள்கிறது. நண்பன் விழுந்ததைக் கண்டு இரண்டு அடி வைத்தவனுக்கும் குத்துச்சண்டைக்கு ஓடியவனுக்கும் இடையில் வேறுபாடு பார்க்கும் விருப்புரிமை மட்டும் தனக்கு இல்லை என்கிறது. என்னால் ஏற்க முடியாதது இந்த இரட்டை நிலையைத்தான். (அன்று எல்சனோடு மோதிய ஜேம்ஸ் ஜோன்ஸ், பிற்பாடு சன்ஸ் அணியின் நிர்வாகப் பொறுப்பில் இருந்து, 2025இல் லீக்கின் கூடைப்பந்து நடவடிக்கைகளுக்குத் தலைமை ஏற்றார். இத்தகைய முடிவுகள் அவருடைய துறையிலிருந்துதான் வர வேண்டும்.)

இதற்கு மாறாக, யாரும் பெரிதாகக் குறை சொல்லாத நிலையான விதிகளும் உண்டு. வழக்கமான சீசனில் 16 டெக்னிக்கல் ஃபவுல் (நடுவரோடு வாக்குவாதம் போன்ற ஒழுங்கீனங்களுக்குத் தரப்படுவது) சேர்ந்தால் ஓர் ஆட்டம் தடை. அதன்பின் ஒவ்வோர் இரண்டுக்கும் இன்னோர் ஆட்டம். தன் கணக்கு எங்கே நிற்கிறது என்பது வீரருக்கு ஒவ்வொரு நாளும் தெரியும், எச்சரிக்கையும் போதுமான அளவு கிடைக்கிறது.

எதிராளியைத் தேவையில்லாமல் கடுமையாகத் தாக்கும் ஃபிளேக்ரண்ட் ஃபவுலுக்கும் இப்படி ஒரு புள்ளிக் கணக்கு இருக்கிறது. ஆனால் அதன் அடித்தளம் அவ்வளவு உறுதியானதல்ல. முதல் வகைக்கு ஒரு புள்ளி, இரண்டாம் வகைக்கு இரண்டு. பிளேஆஃப் முழுவதிலும் மூன்று புள்ளிகளைத் தாண்டினால் ஓர் ஆட்டம் தானாகத் தடை. 2016இல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியின் டிரேமண்ட் கிரீனுக்கு நடந்ததை வரிசையாகப் பார்க்க வேண்டும். முதல் சுற்றில் ஹூஸ்டனோடு ஒரு புள்ளி. மேற்குப் பிரிவு இறுதியில் ஸ்டீவன் ஆடம்ஸை அடிவயிற்றுக்குக் கீழே உதைத்ததற்கு, களத்தில் தரப்பட்ட முதல் வகை பின்னர் இரண்டாம் வகையாக உயர்த்தப்பட்டது. 25,000 டாலர் அபராதமும் வந்தது, இடைநீக்கம் வரவில்லை. இறுதித் தொடரின் நான்காவது ஆட்டத்தில் லெப்ரான் ஜேம்ஸோடு ஏற்பட்ட உரசலுக்கு ஆட்டம் முடிந்தபின் முதல் வகை ஃபிளேக்ரண்ட் பதிவு செய்யப்பட்டது. நான்காவது புள்ளி சேர்ந்தது. ஐந்தாவது ஆட்டத்தில் அவர் இல்லை. 3–1 என்று முன்னிலையில் இருந்த வாரியர்ஸ் 4–3 என்று கோப்பையை இழந்தது.

இந்த இரண்டு செயல்களில் எது கொடியது என்று கேட்டால், ஆடம்ஸ் மீதான உதை என்றுதான் ஏறக்குறைய எல்லாரும் சொல்வார்கள். அதற்குத் தடை இல்லை. அதைவிடச் சிறிய செயல் இறுதித் தொடரின் ஓர் ஆட்டத்தைப் பறித்தது. கணக்கு சரி, விதியும் முன்கூட்டியே எழுதப்பட்டது. ஆனால் கூட்டப்படும் ஒவ்வொரு புள்ளியும் மறுபரிசீலனையில் உயர்த்தவோ புதிதாகப் பதிவு செய்யவோ கூடிய ஒன்று என்னும்போது, தண்டனை தானாக வந்தது என்று சொல்வது முழு உண்மை ஆகாது. புள்ளியைத் தீர்மானிப்பவருக்கு அது எதில் போய் முடியும் என்பது தெரிந்தே இருக்கிறது.

கிரீனின் பெயர் இந்த விவாதத்தில் அடிக்கடி வருவதில் வியப்பில்லை. 2023 ஏப்ரலில் தன் காலைப் பிடித்துக்கொண்ட டொமன்டாஸ் சபோனிஸின் மார்பில் மிதித்ததற்கு ஓர் ஆட்டம். அதே ஆண்டு நவம்பரில் ரூடி கோபேரின் கழுத்தைக் கையால் வளைத்து இறுக்கியதற்கு ஐந்து. டிசம்பரில் யூசுஃப் நுர்கிச்சின் முகத்தில் அடித்ததற்கு முதலில் காலவரையற்ற தடை, அது கடைசியில் 12 ஆட்டங்களாக முடிந்தது. முந்தைய நடத்தையையும் கணக்கில் எடுத்ததாக லீக் வெளிப்படையாகவே அறிவித்தது. மீண்டும் மீண்டும் தவறு செய்பவருக்குக் கூடுதல் தண்டனை என்பது எந்த ஒழுங்குமுறையிலும் ஏற்கத்தக்கதே. ஒரே மாதிரிச் செயலுக்கு வேறு வேறு தண்டனை வருவதன் பெரும்பகுதிக்கு விளக்கம் இதுதான், இதில் அநீதி இல்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. முந்தைய நடத்தை எவ்வளவு சேர்த்தது? வரலாறு இல்லாத ஒருவர் கோபேரின் கழுத்தை அப்படி இறுக்கியிருந்தால் இரண்டு ஆட்டமா, மூன்றா? எத்தனை ஆண்டுக்கு முந்தைய தவறுவரை எண்ணப்படும்? இவற்றுக்கு எழுத்தில் பதில் கிடையாது. காலவரையற்ற தடைக்குப் பின்னால் வீரருக்கு ஆலோசனையும் உதவியும் கிடைக்கட்டும் என்ற நல்ல நோக்கம் இருந்திருக்கலாம். ஆனாலும் அது எந்த முன்னுதாரணத்தோடும் ஒப்பிட முடியாத தண்டனை.

வரலாற்றைப் போலவே விளைவும் தண்டனையின் அளவை மாற்றுகிறது, அதுவும் ஒரே சீராக மாற்றுவதில்லை. 1977 டிசம்பரில் கெர்மிட் வாஷிங்டன் விட்ட ஒரே குத்தில் ரூடி டாம்ஜனோவிச்சின் முக எலும்புகள் நொறுங்கின. வாஷிங்டனுக்கு 26 ஆட்டங்கள் தடை, 10,000 டாலர் அபராதம். அந்தக் காலத்தில் களச் சண்டைகளில் குத்துகள் சாதாரணம்; பெரும்பாலும் அபராதத்தோடு போயின. இந்த ஒரு குத்துக்கு மட்டும் அவ்வளவு பெரிய தடை வந்ததற்கு விளைவே காரணம். 2021 நவம்பரிலோ, தன்னைக் கடுமையாக இடித்த மார்கீஃப் மாரிஸை டென்வர் அணியின் நிகோலா யோகிச் பின்னாலிருந்து ஓங்கி மோதினார். மாரிஸ் கழுத்துக் காயத்தோடு அடுத்த மார்ச் வரை களத்துக்கு வரவில்லை. யோகிச்சுக்குக் கிடைத்தது ஓர் ஆட்டம், மாரிஸுக்கு 50,000 டாலர் அபராதம். ஒன்றில் விளைவு எல்லாவற்றையும் தீர்மானித்தது, மற்றொன்றில் அது அநேகமாக எண்ணப்படவே இல்லை. தண்டனை அறிவிக்கப்படும் நேரத்தில் காயத்தின் முழு அளவு தெரிவதில்லை என்பது லீக்கின் தரப்பில் நியாயமான வாதம். என் கருத்தில், செயலையும் நோக்கத்தையும் அளவாகக் கொண்டு விளைவை இரண்டாம் இடத்தில் வைப்பதே சரி. எப்படியிருந்தாலும் எந்த வரிசை என்பதை லீக் எழுதி வைக்க வேண்டும்.

யோகிச் அப்போது முந்தைய சீசனின் எம்.வி.பி. (லீக்கின் மிகச் சிறந்த வீரர்) என்பதால் சலுகை என்று பேசியவர்கள் உண்டு. அதே மாதத்தில் ஐசையா ஸ்டூவர்ட்டின் முகத்தில் கை பட்டதற்கு லெப்ரான் ஜேம்ஸுக்கு ஓர் ஆட்டம் தடை வந்தது. ரத்தம் வழிய அவரை நோக்கித் திரும்பத் திரும்பப் பாய்ந்த ஸ்டூவர்ட்டுக்கு இரண்டு. அடிபட்டவருக்கு அதிகத் தண்டனையா என்ற கேள்வி எழுவது இயல்பு. ஆனால் லெப்ரானின் செயல் ஒரு நொடியில் முடிந்தது, ஸ்டூவர்ட்டின் செயல் பல நிமிடம் நீடித்தது, அது கூட்டச் சண்டையாக மாறியிருக்கக்கூடும். 2006 டிசம்பரில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த சண்டையில் மிக அதிகமான தண்டனை, 15 ஆட்டங்கள், கார்மெலோ ஆந்தனிக்கே விதிக்கப்பட்டது; அப்போது அவர் லீக்கின் மிகப் பெரிய பெயர்களில் ஒருவர்.

களத்துக்கு வெளியே வந்தால் ஒப்பீடு இன்னும் கடினமாகிறது. ஊக்கமருந்து விதியில் முதல் முறைக்கு 25 ஆட்டங்கள் என்பது வீரர் சங்கத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்ட அளவு. தெரியாமல் எடுத்தேன் என்று சொல்வது மட்டும் பொதுவாக விலக்கு ஆகாது. 2019இல் சிறுநீர் பெருக்கி மருந்து ஒன்று சோதனையில் தெரிந்ததற்காக டிஆண்ட்ரே ஏட்டன் 25 ஆட்டங்களை இழந்தார். 2023இல், குடும்ப வன்முறை வழக்கில் குற்றச்சாட்டை எதிர்க்காமல் தண்டனை ஏற்ற மைல்ஸ் பிரிட்ஜஸுக்கு லீக் 30 ஆட்டங்கள் விதித்தது. அவர் முந்தைய சீசன் முழுவதும் ஆடாததால் அதில் 20 ஏற்கெனவே கழிந்ததாக எடுத்துக்கொள்ளப்பட்டு, மீதி 10 ஆட்டங்களே நடைமுறையில் இருந்தன. அதே ஆண்டுக் கோடையில், நேரலைக் காணொளியில் துப்பாக்கியோடு இரண்டாம் முறை தோன்றியதற்காக ஜா மொரான்ட் 25 ஆட்டங்கள் தடை பெற்றார். ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனியாக விளக்கம் சொல்ல முடியும். மூன்றையும் அருகருகே வைக்கும்போது, ஒரு பெண்ணுக்கு இழைக்கப்பட்ட வன்முறையை லீக் எந்த இடத்தில் வைக்கிறது என்ற கேள்விக்கு நிறைவான பதில் எனக்குக் கிடைக்கவில்லை. ஆடாத சீசனில் பிரிட்ஜஸுக்கு என்.பி.ஏ. ஒப்பந்தமே இல்லை என்பதையும், அந்தக் காலத்தைத் தண்டனைக் காலமாக எண்ணியது ஆணையரின் விருப்புரிமை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பலர் கவனிக்காத இன்னொரு முரண்பாடு, பயிற்சியில் நடக்கும் அடிதடி. 1997 டிசம்பரில் பயிற்சியாளர் பி.ஜே. கார்லசிமோவின் கழுத்தை நெரித்த லட்ரெல் ஸ்பிரீவெல்லின் ஒப்பந்தத்தை வாரியர்ஸ் அணி ரத்து செய்தது. லீக் ஓர் ஆண்டுத் தடை விதித்தது. வீரர் சங்கத்தின் மேல்முறையீட்டில் சமரசத் தீர்ப்பாளர் ஜான் ஃபீரிக் ஒப்பந்தத்தை மீட்டுக் கொடுத்து, தடையை அந்த சீசனின் 68 ஆட்டங்களாகக் குறைத்தார். 2017இல் சிகாகோ புல்ஸ் அணியின் பயிற்சியில் பாபி போர்ட்டிஸ் விட்ட குத்தில் நிகோலா மிரோடிச்சின் முக எலும்பு உடைந்தது. போர்ட்டிஸை எட்டு ஆட்டங்கள் நிறுத்தி வைத்தது லீக் இல்லை, புல்ஸ் அணிதான். 2022இல் கிரீன் தன் சக வீரர் ஜோர்டன் பூலைப் பயிற்சியில் குத்திய காணொளி உலகமெங்கும் பரவியது. அவரைச் சில நாள் ஒதுங்கியிருக்கச் செய்து அபராதம் விதித்ததோடு வாரியர்ஸ் நிறுத்திக்கொண்டது, சீசனின் முதல் ஆட்டத்திலேயே அவர் ஆடினார். கோப்பைக்குப் போட்டியிடும் அணி தன் முக்கிய வீரரைத் தண்டிக்கும்போது தன்னையே தண்டித்துக்கொள்கிறது; அந்த முடிவை அதனிடம் விட்டால் அளவு குறையத்தான் செய்யும். ஒரே செயலுக்கு லீக்கும் அணியும் சேர்ந்து தண்டிக்கக் கூடாது என்று லீக்குக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் பொதுவாகச் சொல்கிறது. அப்படியானால் உடல்ரீதியான தாக்குதல்களிலாவது முதல் பொறுப்பு லீக்குடையதாக இருக்க வேண்டும்.

தீர்ப்பளிப்பவர் யார் என்பதும் இதே அளவு முக்கியம். 2004 நவம்பர் 19 அன்று ஆபர்ன் ஹில்ஸ் அரங்கில் வீரர்களும் ரசிகர்களும் மோதிக்கொண்ட பிறகு, ரான் ஆர்ட்டெஸ்டுக்கு சீசன் முழுவதும் தடை (பிளேஆஃப் உட்பட 86 ஆட்டங்கள்), ஸ்டீபன் ஜாக்சனுக்கு 30, ஜெர்மெய்ன் ஓநீலுக்கு 25 என்று ஆணையர் டேவிட் ஸ்டெர்ன் அறிவித்தார். களத்தில் நடந்த தவறுக்கான தண்டனையை எதிர்த்து ஆணையரிடமே முறையிட வேண்டும் என்பது அப்போதைய நிலை. ரசிகர்களோடு நடந்த மோதல் அந்த வகையில் அடங்காது என்று சங்கம் வாதிட்டது. தீர்ப்பாளர் ரோஜர் கேப்லன் அதை ஏற்று, ஓநீலின் தடையை மட்டும் 15 ஆகக் குறைத்து மற்றவற்றை உறுதிப்படுத்தினார். அவருக்கு அந்த அதிகாரம் உண்டா என்ற லீக்கின் எதிர்ப்பை நீதிமன்றம் தள்ளியது. வெளியார் ஒருவர் பார்த்தபோது ஒரு தடை மட்டும் பத்து ஆட்டங்கள் குறைந்தது, மற்றவை நிலைத்தன. லீக்கின் தண்டனைகள் பெரும்பாலும் நியாயமானவை என்பதையும், வெளிப்பார்வை ஏன் தேவை என்பதையும் அந்த ஒரே தீர்ப்பு காட்டிவிட்டது. பிற்கால ஒப்பந்தங்கள் பெரிய தடைகளுக்குத் தனித் தீர்ப்பாளரை ஏற்படுத்தின. ஆனால் பிளேஆஃபில் வரும் ஓர் ஆட்டத் தடையில் மறுநாளோ அதற்கடுத்த நாளோ அடுத்த ஆட்டம் வந்துவிடுவதால், மேல்முறையீட்டு உரிமை ஏட்டளவில் இருந்தும் பயனில்லை.

செய்யக்கூடியவை இருக்கின்றன, அவை எட்டாதவையும் அல்ல. வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்., ஒவ்வோர் இடைநீக்கத்துக்கும் காணொளி வெளியிட்டு, எந்த விதி, எந்த அசைவு, காயம் உண்டா, வீரரின் முன்வரலாறு என்ன என்று விளக்குகிறது. அதனால் அங்கே சர்ச்சை ஒழிந்துவிடவில்லை. ஆனால் சர்ச்சை காரணங்களைப் பற்றியதாக இருக்கிறது, அடுத்த வழக்கில் முந்தைய காரணத்தை எடுத்துக் காட்ட முடிகிறது. என்.பி.ஏ. வெளியிடுவது பெரும்பாலும் சில வரி அறிவிப்பு மட்டுமே. ஐரோப்பாவின் யூரோலீக்கில் தண்டனையைத் தனி ஒழுங்கு நீதிபதி விதிக்கிறார். 2023 ஏப்ரலில் ரியல் மாட்ரிட் – பார்ட்டிசான் ஆட்டம் சண்டையில் பாதியில் நின்றபோது, டான்டே எக்ஸமைத் தூக்கித் தரையில் அடித்த கெர்ஷோன் யாபுசெலேவுக்கு ஐந்து ஆட்டங்கள், கெவின் பண்டருக்கு இரண்டு, கேப்ரியல் டெக்குக்கும் மத்தியாஸ் லெசோர்டுக்கும் தலா ஒன்று என்று அவர் பிரித்தார். அதையும் எல்லாரும் ஏற்கவில்லை. எனினும் தொடரின் வருமானத்தோடோ ஒளிபரப்போடோ தொடர்பில்லாத ஒருவர் முடிவெடுத்தார் என்பதால், முடிவின் நோக்கத்தின் மீதான சந்தேகத்துக்கு அங்கே இடம் குறைவு.

பெஞ்ச் விதியைப் பொறுத்தவரை, அதை நீக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பத்துப் பன்னிரண்டு பேர் களத்தில் பாயும் காட்சிகளை அது உண்மையிலேயே நிறுத்தியிருக்கிறது. ஆனால் 82 ஆட்டங்கள் கொண்ட சீசனில் ஓர் ஆட்டமும், ஏழு ஆட்டத் தொடரில் ஓர் ஆட்டமும் ஒரே எடை உடையவை அல்ல. யாரையும் தொடாமல் எல்லையைத் தாண்டியதற்கான தடையை அடுத்த சீசனின் தொடக்கத்துக்குத் தள்ளி வைத்து, வேண்டுமானால் இரண்டு மூன்று ஆட்டங்களாகவும் கூட்டலாம். தடையை அடுத்த சீசனில் நிறைவேற்றுவது லீக்குக்குப் புதிதும் அல்ல. 2011 பிளேஆஃபில் தன் அணியின் கடைசி ஆட்டத்தில் ஜே.ஜே. பரேயாவை முழங்கையால் தாக்கிய ஆண்ட்ரூ பைனம், தன் தண்டனையை அடுத்த சீசனின் முதல் ஆட்டங்களில்தான் அனுபவித்தார். அப்படிச் செய்தால் பிளேஆஃபில் வீரர்கள் துணிந்து களத்துக்குள் வருவார்கள் என்ற எதிர்வாதம் வரும். அதற்கு இடம் தராமலிருக்க, கைகலப்பில் உண்மையாகவே சேர்ந்துகொண்டவருக்கு மட்டும் தடை உடனே நடைமுறைக்கு வரும் என்று விதியை இரண்டாகப் பிரித்தால் போதும்.